ஏல ஸ்டோரின் பழுதுக் குறிப்பேடு

செடியிலிருந்து எடுத்த ஏலக்காயில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். மலையில் இருக்கும் ஸ்டோரில் அதை ஏறக்குறைய ஒரு நாள் உலர்த்தி, ஈரத்தைப் பத்து சதவீத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். சூடு 50 டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். ஏறினால் பச்சை வெளுக்கும், இறங்கினால் பூசணம் பிடிக்கும். போடிநாயக்கனூரில் 2007 முதல் மின்னணு ஏலம்தான். ஆனாலும் மாதிரியைக் கையில் கொட்டி நிறத்தையும் பருமனையும் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை சொல்வதில்லை. ஒரு எடுப்பின் மொத்த உழைப்பும் கடைசியில் ஸ்டோர்ச் சுவரில் மாட்டிய, சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பெட்டியை நம்பி நிற்கிறது.

அந்தப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர்களைத் தேடித்தான் போடிநாயக்கனூர் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உதவிக்கு ஒரு மலையூர்ப் பையன். டிப்ளமோ முடித்துவிட்டு, ஓய்வு நேரத்தில் ஆர்டுவினோ பலகைகளை வைத்து எதையாவது செய்துகொண்டே இருப்பவன். முந்தல் ஊரைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அவர்களோடு ஒரு ஸ்டோருக்குப் போனேன்.

பெட்டி 51 டிகிரி காட்டியது. உள்ளே பிடித்த கண்ணாடி வெப்பமானியில் 46தான். பையன் மீட்டரை எடுத்தான். சூட்டை அளக்கும் பிடி 100 சென்சார் 0 டிகிரியில் 100 ஓம் காட்டும்; 50 டிகிரியில் 119.4. ஒரு டிகிரிக்கு 0.4 ஓம்கூட ஏறாது. இணைப்பு ஸ்க்ரூவில் துருவேறி 2 ஓம் சேர்ந்தாலே பெட்டி ஐந்து டிகிரி கூட்டிக் காட்டும். போதுமான சூடு வந்துவிட்டதாக நம்பி, உலைக்குக் காற்று ஊதும் ப்ளோயரையும் நிறுத்திவிடும். மழையும் மூடுபனியும் ஓயாத இந்த மலையில் துருவுக்கு என்ன குறை?

"சென்சார் போச்சுன்னு புதுசு வாங்கி மாட்டிருவாங்க தம்பி. ஒரு மழை பேஞ்சா பழைய கதைதான். ஸ்க்ரூவைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சா முடிஞ்சுச்சு," என்றார் கடைக்காரர்.

இப்படி எத்தனையோ பழுதுகள் அவர் மனதில் இருக்கின்றன. மெக்கானிக்குகளின் வாட்ஸப் குழுவில் குரல் பதிவாகவும் சொல்கிறார். அடுத்த வாரம் அதைத் தேடி எடுக்க முடியாது. அதனால்தான் பையன் விக்கி ஒன்றைத் தொடங்கியிருக்கிறான். விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருள், கட்டணம் கிடையாது. 2003-லேயே தமிழில் விக்கிப்பீடியா வந்துவிட்டது. பழுது பார்ப்பவர்களுக்கும் அப்படி ஓர் இடம் தமிழில் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பக்கங்களுக்குப் பெயர் வைப்பதில்தான் இருவருக்கும் வாக்குவாதம். பையன் உதிரிப்பாகங்களின் பெயரில் வரிசைப்படுத்தியிருந்தான். "பிடி நூறுன்னா ஸ்டோர்க்காரனுக்கு என்னடா தெரியும்? மீட்டர் சூடு காட்டுது, காய் காயலன்னுதான சொல்லுவான்? அதையே பேரா வையி," என்றார் பெரியவர். அவர் பக்கமே நான். தேடி வருகிறவன் கையில் இருப்பது அறிகுறி மட்டும்தானே.

ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி: மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திற. 230 வோல்ட் ஓடும் இடத்தில் இந்த வரி இல்லாத குறிப்பே கூடாது. பிறகு பெட்டியின் மாடல், மீட்டரில் வந்த அளவு, செய்த வேலை, படம். கடைசிக் கட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது: அடுத்த எடுப்பில் அதே பழுது திரும்பியதா? எடுப்புக்கு எடுப்பு 40, 45 நாள் ஆகிறது. காத்திருந்துதான் அதை நிரப்ப வேண்டும். நிரப்பினால்தான் வைத்தியம் பலித்ததா என்று தெரியும்.

சரிவுகளில் சிக்னல் நிலையாக இல்லை. அதற்காக முழு விக்கியையும் ஒரே கோப்பாக்கி, கிவிக்ஸ் செயலி வழியாக இணையமில்லாமல் போனில் படிக்கும்படி செய்துகொண்டிருக்கிறான்.

எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டால் தொழில் போகாதா என்று பெரியவரிடம் கேட்டேன். "ஒரு ஸ்க்ரூவுக்காக மலை ஏறி எறங்குனா ஒரு நாள் கூலி போச்சு. அதை அவங்களே பாத்துக்கிட்டா, நான் போர்டு வேலையைப் பாப்பேன்ல?"

ரிலே ஒட்டிக்கொள்ளும் பழுதுக்கு இன்னும் பக்கம் இல்லை. வண்டன்மேட்டுப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் படங்கள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.