யார் சொல்லி அனுப்பினார்கள்?

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. முதன் முதலில் இதைச் சொன்ன மகானுபாவர், ஏதாவது ஒரு கடை வாசலில் கணக்கெழுதும் வேலை கேட்டு நின்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். வேலை பார்த்தால்தான் அனுபவம். அனுபவம் இருந்தால்தான் வேலை. இந்த வட்டத்துக்குள் எந்த இடத்தில் கால் வைப்பது?

மேடவாக்கம் கூட்டு ரோட்டிலிருந்து வேளச்சேரிப் பக்கமோ தாம்பரம் பக்கமோ காலாறச் சற்று தூரம் நடந்து பாருங்கள். கிரானைட், டைல்ஸ், பிளைவுட், மின்சார சாமான், மருந்து என்று வரிசையாகக் கடைகள். அவற்றில் சிலவற்றின் கண்ணாடிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: 'கணக்கு எழுத ஆள் தேவை. டாலி தெரிந்திருக்க வேண்டும். முன் அனுபவம் அவசியம்.' பி.காம். பட்டம் வேண்டும் என்று சிலர் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆடிட்டர் ஆவதற்குத்தான் சட்டப்படி பரீட்சையும் பதிவும் தேவை. கடைக் கணக்கு எழுத இன்ன பட்டம் வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் கதவில் ஒட்டிய காகிதம் சட்டத்தைவிடக் கண்டிப்பானது.

தாம்பரத்துக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. என்றால் வெகு காலமாக ஒரு சாலையின் பெயர். 2017-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து அது ஒரு வரியின் பெயரும் ஆயிற்று. அன்றிலிருந்து சின்னக் கடைக்காரருக்கும் கணக்குத் தெரிந்த ஆள் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. மாதாமாதம் கணக்குக் காட்டுகிற வியாபாரி, விற்பனை விவரத்தைப் பதினோராம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். இருபதாம் தேதிக்குள் வரியைக் கட்டி முடிக்க வேண்டும். அதைவிடச் சங்கடம் ஒன்று உண்டு. சரக்கு கொடுத்த மொத்த வியாபாரி தம் பில்லை ஏற்றாமல் விட்டுவிட்டால், வாங்கியவர் அதற்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒவ்வொரு பில்லாக ஒத்துப் பார்க்கப் பொறுமைசாலி ஒருவர் வேண்டும். இந்தப் பொறுமையை எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் காலேஜைப் பற்றிப் பேசக்கூடிய ஆசாமியும் இல்லை. பழைய காலத்தார் இன்டர்மீடியட் என்று சொல்வார்களே, ஏறக்குறைய அந்த அளவோடு என் படிப்பு நின்றுவிட்டது. 2000-ஆம் வருஷம் தாம்பரத்தில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதச் சேர்ந்தேன். எனக்கு டாலி தெரியாது. பற்று எது, வரவு எது என்பதுகூடப் பாதிதான் தெரியும். தபால் ஆபீசில் வேலை பார்த்த என் சித்தப்பா கூட வந்தார். நான் இஸ்திரி போட்ட உறையில் கொண்டுபோன மார்க் ஷீட்டை முதலாளி உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "உங்க அண்ணன் பையனா? சரி, நாளைக்கு ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்க" என்றார். என் உத்தியோகப் பேட்டி முழுவதும் அவ்வளவுதான்.

அந்தக் கடையில் எழுபது வயதுக் கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருஷம் ஆகியும், பிள்ளையார் சுழி போட்ட தம் பேரேட்டை அவர் விடவில்லை. இயந்திரம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முதல் மாதம் என்னிடம் பேனாவையே தரவில்லை. ரசீதுகளைத் தேதி வாரியாகக் கோக்க வேண்டும், பாங்குப் பாஸ் புத்தகத்தை வாசிக்க வேண்டும், அவர் ஒத்துப் பார்ப்பார். இரவு எட்டு மணிக்குக் கல்லாவை எண்ணுவோம். தொண்ணூறு ரூபாய் உதைக்கும். நானாக இருந்தால் அன்றைய ரசீதுகள் முழுவதையும் மறுபடி கூட்டியிருப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஒன்பதால் வகுபடுகிறதா பார்" என்பார். வகுபட்டால், எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது. 540-ஐ 450 என்று எழுதியிருக்கிறோம். வகுபடாவிட்டால், வித்தியாசத்தில் பாதித் தொகையைத் தேடச் சொல்வார். பற்றில் ஏற வேண்டியது வரவில் ஏறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தானே தெரியும்?

ஒரு நாள் ஐந்து ரூபாய் குறைந்தது. கடைப் பையன் ஒருவன் தன் சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவனுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கணக்குப்பிள்ளை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "குறைந்தால் குறைந்தது என்று எழுதுவதுதான் கணக்கு. சொந்தக் காசைப் போட்டு நேராக்கினால் நாளைக்கு மிஞ்சுகிறபோது எடுத்துக்கொள்ளத் தோன்றும்" என்றார். இந்த வித்தை எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்கு அகப்படவில்லை. காசுக்கும் யோக்கியதைக்கும் சேர்த்து நாணயம் என்று ஒரே பெயர் வைத்த பாஷை நம்முடையது. முதலாளி ஆளை எடுக்கும்போது இந்த இரண்டாவது நாணயத்தைத்தான் உரசிப் பார்க்கிறார். அனுபவம், பட்டம் என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. உள்ளே ஓடுகிற கேள்வி, 'கல்லாச் சாவியை இவனிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாமா?' என்பது. அதற்குச் சர்ட்டிபிகேட் எந்தச் சர்வகலாசாலையும் தருவதில்லை. ஆகையால் தெரிந்தவர் யாராவது வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் இப்படிச் சேர்ந்த கணக்குக் குமாஸ்தாக்களில் மிகவும் பேர்போனவர் கணித மேதை ராமாநுஜன்தான். அவருடைய தகப்பனார் கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் கணக்கர். பிள்ளை எஃப்.ஏ. பரீட்சையில் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறவில்லை. எஃப்.ஏ. என்பதுதான் பின்னால் இன்டர்மீடியட் ஆயிற்று. 1909-இல் கல்யாணமும் ஆகிவிட்டது, சம்பாத்தியம் இல்லை. 1910-இல் நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராயிருந்த ராமசுவாமி ஐயரிடம் போய் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணித சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். நோட்டைப் பார்த்துவிட்டு, இவரை ரெவினியூ இலாகாவில் போட்டுப் பாழாக்க மனமில்லாமல், வேலை தராமல் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். மேதையைப் பார்த்து மலைத்துப் போனது நியாயந்தான். ஆனால் வீட்டில் அரிசி வாங்க வேண்டியவனுக்கு அந்த மரியாதை எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் சில வாரம், இருபது ரூபாய்ச் சம்பளத்தில், தற்காலிகமாக இருந்தார். பிறகு 1912 பிப்ரவரி 9-ஆம் தேதி துறைமுக டிரஸ்டுக்கு விண்ணப்பம் எழுதினார். மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து மேலே தொடர முடியாமல் போனதையும் ஒளிக்காமல் சொன்னார். வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருப்பதாகவும் எழுதினார். கூடவே பிரஸிடென்ஸி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபார்சு போயிற்று. துறைமுகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். மார்ச் முதல் தேதி ராமாநுஜன் கணக்குப் பிரிவில் அமர்ந்தார். மறு வருஷம் ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் துறைமுகக் கணக்குக் குமாஸ்தா என்றுதான் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.

பள்ளி ஆண்டு விழாக்களில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், பரீட்சையில் தோற்றவரும் உலகப் புகழ் அடையலாம் என்று பையன்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு என்னவோ சிபார்சுக் கடிதங்கள்தான் கண்ணில் நிற்கின்றன. அவ்வளவு பெரிய கணிதத்துக்கும், கூட்டல் கழித்தல் வேலை கிடைக்க ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியரின் கையெழுத்து வேண்டியிருந்தது.

கையெழுத்துப் போட யாரும் இல்லாதவர்கள் என்ன செய்வது? எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவியாக வருகிற அம்மாளின் மகளைப் பார்த்தபின் இது எனக்கு வெறும் கேள்வியாக இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட குடும்பம். மேடவாக்கத்தை ஒட்டி, எட்டு அடுக்காக வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் வாரியக் குடியிருப்பு அது. அந்தப் பெண் பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவள். தொழில் நுட்பக் கல்வி இயக்ககத்தின் அக்கவுண்டன்ஸி பரீட்சையில் ஜூனியரும் சீனியரும் தேறியிருந்தாள், டாலியும் கற்றிருந்தாள். இரும்புக் கடைக்குப் போன நாளில் எனக்குத் தெரிந்ததைப்போல நாலு மடங்கு அவளுக்குத் தெரியும். நாலு கடை ஏறி இறங்கினாள். "கேள்வியெல்லாம் நல்லாத்தான் சார் கேட்பாங்க. வீடு எங்கேன்னு கேட்டப்புறம், சொல்லி அனுப்பறோம்னு சொல்லிடுவாங்க" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்லுகிற மாதிரி சொன்னாள். என் சித்தப்பா எனக்கு வாங்கிக் கொடுத்ததை, அவளுடைய விலாசம் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தது.

சிபார்சு என்பது எனக்குப் பிடித்த காரியம் அல்ல. இருந்தாலும் எனக்குப் பழக்கமான பிளைவுட் கடைக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன். முதலாளி பெரும்பாக்கம் என்று கேட்டதும் சற்று மௌனமானார். பிறகு, "நீங்க சொன்னா சரி சார். மூணு மாசம் பார்ப்போம்" என்றார். விண்ணப்பத்தை நீட்டியவர் குரலைத் தாழ்த்தி, "விலாசத்துக்கு உங்க வீட்டையே போட்டுடலாமே?" என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண், "ஆதார்ல இதுதான் சார் இருக்கு" என்று சொல்லி, பிளாக் எண், மாடி, கதவு எண் எல்லாவற்றையும் நிறுத்தி எழுதினாள்.

இரண்டாம் மாதம் மொத்த வியாபாரி ஒருவர் ஏற்றாமல் விட்ட ஏழு பில்களை அவள் கண்டுபிடித்தாள். முதலாளி அன்று மாலை முழுவதும் டெலிபோனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாராம். போன வாரம் என்னை டீக்கடையில் பார்த்தவர், "எங்க மச்சான் டைல்ஸ் கடை வச்சிருக்கார் சார். இதே மாதிரி ஒரு பொண்ணு இருந்தா சொல்லுங்களேன்" என்றார். என்னை ஏன் கேட்கிறீர்கள், அவளையே கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். அவள் தன் பிளாக்கில் மூன்றாம் மாடியில் இருக்கிற ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை இருவருமாகப் போகிறார்கள்.