ஒரு எஸ், இரண்டு ஆடு

"பேருக்குப் பின்னால எஸ் வந்தா பல. வினைக்குப் பின்னால எஸ் வந்தா ஒண்ணு." ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் சார் இதைச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பார். நாங்கள் கத்த ஆரம்பிப்போம்: தி டாக் பார்க்ஸ், தி டாக்ஸ் பார்க். இருப்பது ஒரே எஸ்தான், அது இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் இருக்காது என்பது அவர் கணக்கு. தமிழ் வகுப்பில் 'பறவைகள் பறந்தன' என்று பெயரும் வினையும் சேர்ந்தே பன்மையாகும். அதில் பழகிய காதுக்கு இது ஏற சில வாரங்கள் பிடித்தன. அந்த இரண்டு எஸ்ஸும் ஒன்றல்ல, வேறு வேறு வேரிலிருந்து வந்து ஒரே ஒலியில் நின்றவை என்பதைக் கல்லூரி நூலகத்தில்தான் படித்தேன். வினையின் எஸ் இங்கிலாந்தின் வடக்குப் பேச்சிலிருந்து தெற்கே இறங்கியது. ஷேக்ஸ்பியரிடம் 'ஹேஸ்' உண்டு, பழைய 'ஹேத்'தும் உண்டு. ஆனாலும் எனக்கு இன்றுவரை கைகொடுப்பது சாரின் கணக்குதான்.

எங்கள் வீட்டில் வெள்ளாடும் செம்மறியும் கலந்து கிடந்தன. பொழுது சாயும்போது அப்பத்தா திண்ணையிலிருந்து கேட்பாள்: "ஆடு அடைஞ்சிருச்சா ராசா?" மந்தையே வந்தாலும் அவளுக்கு ஆடுதான், 'கள்' கிடையாது. ஒருநாள் சார் 'கோட்' என்றால் 'கோட்ஸ்', 'ஷீப்' என்றால் எத்தனை வந்தாலும் 'ஷீப்' என்றார். ஒரே பட்டியில் படுக்கிறவற்றில் வெள்ளாட்டுக்கு மட்டும் எஸ், செம்மறிக்கு இல்லை! வகுப்பே கொதித்துப்போனது.

அடுத்த பாடவேளை தமிழ் ஐயாவுடையது. பின் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து இதை அவரிடமே கேட்டுவிட்டான். ஐயாவின் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். "நம்மகிட்டயும் இருக்குடா" என்று திரும்பி, 'மாடு மேய்ந்தது, மாடு மேய்ந்தன' என்று பலகையில் எழுதினார். மாடு மாறவில்லை, வினைதான் எண்ணைச் சொல்கிறது. நன்னூல் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது என்றார். 'தி ஷீப் இஸ்', 'தி ஷீப் ஆர்' என்று நாங்கள் முணுமுணுத்துப் பார்த்தோம். அச்சு அசலாகப் பொருந்தியது. அந்தப் பாடவேளையில்தான் எனக்கு இங்கிலீஷ் மேல் பயம் போனது.

'ஃபுட்' ஏன் 'ஃபீட்' ஆகிறது, 'மௌஸ்' ஏன் 'மைஸ்' ஆகிறது என்றெல்லாம் அன்று யாரும் சொல்லவில்லை. பட்டியலாக ஒப்பித்தோம், அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் வெள்ளாடும் அப்படித்தான் நடு உயிரை மாற்றிப் பன்மையாகியிருக்கிறது. எஸ் அதற்குப் பின்னால் ஒட்டியது. 'சில்ட்ரன்' இன்னும் அழகு. 'சில்டர்' என்று முன்பே பன்மையாகிவிட்ட சொல்லின்மேல், 'ஆக்ஸன்' என்பதில் வரும் அந்தப் பழைய 'என்'னும் ஏறியிருக்கிறது. பலரைச் சொல்லும் 'அவர்' மேல் இன்னொரு 'கள்' ஏறி 'அவர்கள்' ஆனதும் இதே வழியில்தான். இதைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் ஒரு நாளில் பிடித்துக்கொள்வார்கள். வெறும் பட்டியலைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சாருக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்றும் இருந்தது. எதிரே நிற்பது ஒரே ஆள், அப்புறம் ஏன் 'யூ ஆர்'? கேட்டது முன்வரிசைப் பெண். "யூவுக்கு எப்பவும் ஆர்தாம்மா" என்று அவர் முடித்துக்கொண்டார்.

போன மாதம் அக்கா மகள் அதையே கேட்டாள். அவளும் ஆறாம் வகுப்பு.

"நம்ம வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்தா என்ன சொல்லுவ?"

"வாங்க, உட்காருங்க."

"ஒருத்தர்தானே?"

"மரியாதை, மாமா."

யூவும் அப்படித்தான், முதலில் பலரைக் கூப்பிடும் சொல், பிறகு மரியாதைக்காக ஒருவருக்கும் வந்தது, கடைசியில் எல்லாரும் 'நீங்க' ஆகிவிட்டார்கள் என்றேன். பன்மையின் 'ஆர்' அதோடு தங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப 'நீ'க்கு?"

"தௌ. அதுக்கு வினை 'ஆர்ட்'."

நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டு ஓடினாள். அன்று சாயங்காலம் முழுக்கத் தம்பியை 'தௌ' என்றுதான் அதட்டினாள்.