வைகையோரம் ஒரு சைக்கிள் – 3: ஆடுசதை அனுமதித்த தூரம்

பரவை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முனியம்மாதான் நினைவுக்கு வருவார். 2003இல் ‘தூள்’ படத்தில் தோன்றி, ஒரே பாட்டில் தன் ஊர்ப்பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவர். 2020 மார்ச்சில் மறைந்தார். மதுரைக்காரர்களுக்கோ பரவை என்றால் காய்கறி மார்க்கெட். திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டியதும் வெங்காயச் சருகும் வாடிய முட்டைக்கோஸும் கலந்த வாசனை முதலில் வரும், பிறகுதான் ஊர் வரும்.

மானாமதுரையில் விடியுமுன் கிளம்பி, திருப்புவனம், சிலைமான் வழியாக மதுரைக்குள் புகுந்து இங்கே வந்து சேர்ந்தபோது அறுபது கிலோமீட்டரை ஒட்டி ஓடியிருந்தது. பங்குனி வெயில் ஒன்பது மணிக்கே முதுகைச் சுட ஆரம்பித்திருந்தது. மார்க்கெட் வாசலில் டீ வாங்கிக்கொண்டு நின்றோம். லாரிகள், குட்டியானைகள், ஷேர் ஆட்டோக்கள். அவற்றுக்கு நடுவே, பார்க்கிறவர் கண்ணில் அவ்வளவாகப் படாத கறுப்புச் சைக்கிள்கள். கனத்த கேரியர், அதில் ஓர் ஆள் எடைக்குக் குறையாத மூட்டை, ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பை. ஓட்டுகிறவர்களில் பலருக்கு என்னைவிட வயது கூட. காலில் ரப்பர் செருப்பு. சீட்டைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். பெடலை விரல் பக்கத்தால் மிதிக்காமல், உள்ளங்கால் நடுவில் வைத்து அமுக்குகிறார்கள். நடையைவிடக் கொஞ்சம் கூடுதலான வேகம், அவ்வளவுதான்.

“பாத்துக்க மாப்ள, இதுதான் ஓட்டு” என்றேன்.

“அது லோடு வண்டி மாமா. நம்ம வண்டி வேற” என்றான்.

உடன் வருவது அக்கா மகன். போன பகுதி படித்தவர்களுக்குத் தெரியும்: கார்பன் பிரேம், வரிசையாகக் கியர், பெடலில் மாட்டிக்கொள்ளும் ஷூ. அவனுக்கு இந்தப் பயணமே ஓர் ஒத்திகை. 200 கிலோமீட்டர் ‘பிரெவே’ ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். 1904இல் பிரான்சில் தொடங்கிய ஆடாக்ஸ் சங்கத்தின் விதிப்படி உலகம் முழுக்க நடக்கும் நெடுந்தூர ஓட்டம் அது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருவார்கள். 300க்கு 20 மணி, 400க்கு 27, 600க்கு 40. இது பந்தயம் அல்ல, முதலில் வந்தவனுக்குக் கோப்பை கிடையாது. வகுத்துப் பார்த்தால் 200 கிலோமீட்டருக்கு மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட வேண்டியதில்லை, டீ குடிக்கிற நேரத்தையும் சேர்த்து. இந்தக் கணக்கை அவனிடம் சொன்னால் சிரிப்பான். அவன் முப்பதில் போகிற ஆள்.

சமயநல்லூரில் நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம் சோழவந்தான் சாலையில் திரும்பினோம். லாரிச் சத்தம் சட்டென்று அடங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாகமலை நீண்டு கிடக்கிறது. இந்தச் சாலையில் முதல் பெரிய ஊர் தேனூர். அழகர் முன்பெல்லாம் ஆற்றில் இறங்கியது இங்கேதான் என்றும், திருமலை நாயக்கர்தான் அதை மதுரைக்கு மாற்றினார் என்றும் ஊரார் இன்றும் கொஞ்சம் குறையோடு சொல்வார்கள். மார்க்கெட்டில் பார்த்த பெரியவர் ஒருவரை, கத்தரிக்காய் மூட்டையோடு, சமயநல்லூருக்குப் பக்கத்திலேயே முந்தியிருந்தோம். மருமகன் என்னையும் முந்திப் போய்விட்டான்.

தேனூர் நெருங்கும்போது ஒரு புளியமரத்தடியில் சைக்கிள் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் அவன், வலது காலைப் பிடித்துக்கொண்டு.

“இழுத்துருச்சு மாமா… தொடாதீங்க… தொடாதீங்க…”

ஆடுசதை தேங்காய் மூடி கவிழ்த்த மாதிரி புடைத்து நின்றது. தோலுக்கு அடியில் தனியே உயிர் இருப்பதுபோல் துடித்தது. குதிகால் மேலே ஏறி, பாதம் தானாகவே கீழ்நோக்கி வளைந்திருந்தது. நான் பாட்டிலைத் திறப்பதற்குள், நாங்கள் முந்திவந்த பெரியவர் வந்து சேர்ந்துவிட்டார். மூட்டையோடு சைக்கிளை மரத்தில் சாய்த்தார். எதுவும் கேட்கவில்லை. “ஏப்பா, காலை மடக்காத. நீட்டு” என்றார். ஷூவைக் கழற்றினார். ஒரு கையால் முழங்காலை அழுத்தி, இன்னொரு கையால் பாதத்தை அவன் முகத்தை நோக்கி மெதுவாகத் தள்ளினார். வெடுக்கென்று தள்ளவில்லை. பிடித்தபடியே இருந்தார். சதை இளகி இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

கெண்டைக்கால் இழுத்தால் பாதத்தை மேல்நோக்கி, பின்தொடை இழுத்தால் காலை நேராக, முன்தொடை இழுத்தால் முழங்காலை மடக்கிக் குதிகால் பிருஷ்டத்தைத் தொடும்படி. எந்தச் சதை சுருங்குகிறதோ அதற்கு நேர்மாறாக நீட்ட வேண்டும். தசைநாணில் இருக்கும் உணர்விகள் இழுவிசையை அறிந்து, ‘போதும், விடு’ என்று தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். கோல்கி என்ற இத்தாலியரின் பெயரால் அவற்றை அழைக்கிறார்கள். பெரியவருக்குக் கோல்கியைத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

தேனூருக்குள் ஒரு பெட்டிக்கடை. கண்ணாடி ஜாடியில் உப்பில் ஊறும் நெல்லிக்காய். கடைக்கார அம்மா விவரம் கேட்டதும், காயைத் தரவில்லை. ஜாடித் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். “முகத்தச் சுளிக்காம ஒரே மூச்சுல குடிச்சிரு ராசா.”

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. 2010இல் அமெரிக்காவில் கெவின் மில்லர் என்ற ஆய்வாளரின் குழு ஏறத்தாழ இதையே செய்து பார்த்தது. வியர்த்துக் களைத்த இளைஞர்களின் காலில் மின் தூண்டலால் தசைப்பிடிப்பை வரவழைத்து, சிலமுறை தண்ணீரும் சிலமுறை வெள்ளரி ஊறுகாய்ச் சாறும் கொடுத்தார்கள். சாறு குடித்தபோது பிடிப்பு ஒன்றரை நிமிடத்துக்குள் விட்டது. தண்ணீரைவிட முக்கால் நிமிடத்துக்கும் மேல் முன்னதாக. அந்த நேரத்துக்குள் குடித்தது வயிற்றைத் தாண்டி ரத்தத்தில் கலந்திருக்கவே முடியாது. ஆகவே வேலை செய்தது உப்பல்ல, தொண்டையில் பட்ட அந்தக் கடும் புளிப்பு. அது நரம்பு வழியாகத் தசையின் வெறியை அடக்குகிறது என்பது அவர்களுடைய ஊகம். நெல்லிக்காய்த் தண்ணீரில் வினிகர் கிடையாது, ஆகவே இதுவும் அதுவும் ஒன்று என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் இன்னொரு கதை இருக்கிறது. அயனிக் கால்வாய்களை ஆராய்ந்து 2003இல் வேதியியல் நோபல் வாங்கிய ராடரிக் மெக்கின்னன் ஒரு கயாக் படகோட்டி. கடலில் துடுப்புப் போடும்போது தசை இழுத்த அனுபவத்துக்குப் பிறகு, அவரும் ஹார்வர்டு நரம்பியலாளர் புரூஸ் பீனும் சேர்ந்து ஒரு பானம் தயாரித்தார்கள். அதில் என்னென்ன? இஞ்சி, பட்டை, மிளகாய். நம் ஊர் அடுப்படியில் பாதி. நோபல்காரரின் பாட்டிலுக்கு என்ன விலையோ, தேனூர் அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார்.

பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கேட்டேன்: “அய்யா, உங்க ஆளுகளுக்கு இப்படி இழுக்காதா?”

“இழுக்காமயா? மார்க்கெட்டுக்குப் புதுசா வர்ற பயலுகளுக்கு இழுக்கும். ஒரு மாசத்துல நின்னுபோகும். லோடு கூடின அன்னைக்கு எங்களுக்கும் வரும்.”

“உப்புக் குறைச்சல்னு சொல்றாகளே?”

“காலைல நீச்சத்தண்ணி குடிச்சிட்டுத்தான் ஏறுறோம். உப்பு இருக்கு. ஆனா பழகாத சதையில ஓவரா மிதிச்சா உப்பு என்ன செய்யும்?”

நூறாண்டு மருத்துவ விவாதத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1920களில் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களையும், 1932இல் ஹூவர் அணை கட்டிய தொழிலாளர்களையும் பார்த்த ஆய்வாளர்கள், வியர்வையில் உப்புப் போவதால்தான் தசை இழுக்கிறது என்றார்கள். கொதிக்கும் வெயிலில் நாள் முழுக்க உழைப்பவர்களுக்கு அது இன்றும் பொருந்தக்கூடிய காரணம்தான். ஆனால் 1997இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் வேறொன்றைச் சொன்னார். களைத்த தசையில் சுருங்கு என்னும் தூண்டல் கூடுகிறது, விடு என்னும் தடை குறைகிறது. தசை ஏற்கனவே குறுகிய நிலையில் வேலை செய்தால் இன்னும் மோசம். பிறகு நெடுந்தூர ஓட்டக்காரர்களையும் டிரையத்லான் வீரர்களையும் சோதித்தபோது, இழுத்தவருக்கும் இழுக்காதவருக்கும் ரத்த உப்பில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. முன்பு இழுத்த வரலாறு உள்ளவர்கள், அன்று வேகமாகப் போனவர்கள்: இவர்களுக்குத்தான் இழுத்தது.

குறுகிய நிலை என்பதை மருமகனின் சைக்கிளைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். சீட் உயரம். பெடல் அடிக்குப் போகும்போது கால் எட்டாமல் விரல் நுனியை நீட்டுகிறான். ஒவ்வொரு சுற்றிலும் ஆடுசதை சுருங்கியபடியே உழைக்கிறது. மணிக்கு ஐயாயிரம் சுற்று என்று வைத்தால் நான்கு மணி நேரத்தில் எவ்வளவு ஆகும், நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நேராக வேண்டும், இடுப்பு ஆடக்கூடாது: இதுதான் சீட் உயரத்துக்குப் பழைய சைக்கிள் கடைக்காரர்களின் அளவு. பெரியவரே சொன்னார்: “சீட்ட ஒரு விரக்கட எறக்கு.” ஆலன் கீயால் இறக்கினோம். ஷூவின் அடியில் பெடலைக் கவ்வும் துண்டையும் குதிகால் பக்கமாக நகர்த்தினோம். மிதி உள்ளங்காலை நோக்கி வந்தால் கணுக்காலின் நெம்பு குறைகிறது, ஆடுசதைக்கு வேலையும் குறைகிறது. கார்பன் வண்டி இப்போது கொஞ்சம் லோடு வண்டி ஆகிவிட்டது.

பெரியவர் தேனூர்த் தெருவுக்குள் திரும்பினார். நாங்கள் திருவேடகம் பக்கம் போனோம். சம்பந்தரின் ஏடு வைகையை எதிர்த்து நீந்திக் கரைசேர்ந்ததாகச் சொல்லும் ஊர். இப்போது எதிர்ப்பதற்கு ஆற்றில் தண்ணீர் இல்லை. மருமகன் கனத்த கியரை விட்டுவிட்டு லேசான கியரில் காலை வேகமாகச் சுழற்றிக்கொண்டு என் பக்கத்திலேயே வந்தான்.

சோழவந்தானில் நிழல் கிடைத்தது. அகத்தியில் ஏறிய வெற்றிலைக் கொடிக்கால்கள், 2023இல் புவிசார் குறியீடு பெற்றவை. அவற்றைச் சுற்றித் தென்னை. இளநீர் வெட்டச் சொன்னோம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது அதற்கு நேர்மாறு. ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம்வரை சோடியம் போகலாம், பொட்டாசியம் அதில் சிறு பங்குதான். வாழைப்பழமும் இதே கதை. வாடிப்பட்டிக்கு அப்பால் வலப்பக்கம் தெரியும் சிறுமலையில் விளையும் வாழை புவிசார் குறியீடு வாங்கியது, ருசியில் நிகரில்லாதது. பசிக்குச் சாப்பிடுங்கள், இழுத்த காலுக்கு மருந்து என்று சாப்பிடாதீர்கள். உப்புப் போட்ட நீர்மோர் இந்த வெயிலுக்கு அதைவிடப் பொருத்தம். கைவசம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் இன்னும் நல்லது: உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், மற்றவை. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொள்வது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதித்த ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது. முக்கியக் காரணம், அளவுக்கு மீறிக் குடித்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

வாடிப்பட்டியில் சாப்பாடு. அங்கே பரிமாறியவர், கால் முந்திப் பிறந்த ஒருவர் பக்கத்துத் தெருவில் இருப்பதாகவும் அவர் ஓர் உதை விட்டால் எந்தச் சுளுக்கும் ஓடிவிடும் என்றும் சொன்னார். மருமகன் நன்றி சொல்லி மறுத்துவிட்டான்.

நாற்கரச் சாலையில் கொடைரோடு வரை அலுப்பான வழி, எழுத ஒன்றுமில்லை. மணிக்குப் பதினாறு, பதினேழு கிலோமீட்டர். சாலையோரப் பாலங்களின் ஏற்றத்தில் அவன் ஆடுசதை இரண்டொரு முறை துடித்துக் காட்டியது. உடனே மிதிப்பதை நிறுத்தி, குதிகாலைத் தாழ்த்தி, உருள விட்டான். பிடிக்கவில்லை. ஒரே காலில் மறுநாளும் வீக்கமும் வலியும் நின்றால் டாக்டரிடம் காட்டவேண்டும் என்று சொல்லி வைத்தேன். அது பிடிப்பாக இருக்காது.

இரவு லாட்ஜில் கால் இழுத்தது எனக்குத்தான், தூக்கத்தில். வயதானவர்களின் இரவுப் பிடிப்பு வேறு ரகம், மிதித்த தூரத்துக்கும் அதற்கும் நேர்க்கணக்கு இல்லை. ஒரு காலத்தில் இதற்குக் கொய்னா கொடுப்பார்கள்; பக்கவிளைவுகளுக்காக அமெரிக்க மருந்துத் துறை 2006இல் எச்சரித்து நிறுத்தச் சொன்னது. எழுந்து சுவரில் உள்ளங்கையை ஊன்றி, குதிகாலைத் தரையில் அழுத்தி நின்றேன். “ஏடு எதிர்த்துப் போற மாதிரி நிக்கிறீங்களே மாமா” என்றான் மருமகன், போர்வைக்குள்ளிருந்து.

காலையில் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட், பிறகு வத்தலகுண்டு. அங்கிருந்து வைகை அணைக்கு எந்தச் சாலை என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. அவனுக்கு ஏற்றம் வேண்டும், எனக்கு நிழல்.

(பயணம் தொடரும்)