ஒரு பேஸ் கிடாரும் நான் குறைத்த 1,300 ரூபாயும்

போன பதிவில் முழங்கால் வலி என்று ஒரு வரி எழுதப்போய், ஆளுக்கொரு தைலம் சொன்னீர்கள். மூன்று தைலம் வீட்டுக்கே வந்துவிட்டது. நன்றி. இன்றைக்கு வேறு விஷயம், கொஞ்சம் நீளம். கடைசியில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன். அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

1996இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவன் (இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது) போன வாரம் போன் செய்தான். மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். சர்ச் கொயரில் பேஸ் கிடார் வாசிக்க ஆசையாம். "சார், இருபதாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்ணு சொல்லுங்க. அவ என்னடான்னா பெயின்ட் உரிஞ்ச கிடார் படத்தைக் காட்டி இதுதான் வேணுங்கா. புதுசுதான் சார், ஆனா பழசு மாதிரி ஆக்கி வச்சிருக்கான். வெலயும் ரொம்பக் கூட" என்றான். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா, நேரில் பேசுவோம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்தபிறகு எனக்கு வேறு ஒரு ஞாபகம் வந்து, அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூக்கமில்லை.

சொந்தக்காரர்களில் சிலர் இன்னமும் "நீ அந்த நாலு கம்பி டொய்ங் டொய்ங்னு அடிப்பியே" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. பேஸ் கிடாரில் நான்கு கம்பிதான். தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சின்ன டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. ஆனாலும் நமக்குக் கேட்கிறது. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளைக் கேட்டு, அடியில் இருக்க வேண்டியதைக் காது தானாகவே போட்டுக்கொள்கிறது. எண்பதுகளில் இளையராஜா பாட்டுகளை டீக்கடை ரேடியோவில் கேட்டே பேஸ் கற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர்! அந்தப் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த சசிதரனின் விரலை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. காதால்தான் பிடித்தோம். மின்காந்தத் தூண்டல் பாடத்துக்கு நான் கிடாரைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். காந்தம், அதைச் சுற்றிச் செம்புக்கம்பிச் சுருள், மேலே அதிரும் இரும்புக் கம்பி. பிக்கப் என்பது அவ்வளவுதான்.

அந்தக் கிடாரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாளையங்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் அவ்வப்போது ரிதம் கிடார் வாசிப்பேன். அதில் பேஸ் வாசித்தவரை எல்லோரும் பேஸ் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நிஜப் பெயரை இங்கே பொதுவில் எழுதவில்லை. ஆறடி உயரம். வாரைத் தழைய விட்டு, கிடார் இடுப்புக்குக் கீழே தொங்க வாசிப்பார். அவரிடம் இருந்தது ஜப்பானில் செய்த நகல். ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸைப் பார்த்துச் செய்தது. எழுபதுகளில் ஜப்பானில் அப்படி நிறைய நகல்கள் செய்தார்கள், பல நல்ல வேலைப்பாடு. தூத்துக்குடியில் கப்பலில் போய்வந்த ஒருவரிடம் 1975இல் வாங்கினாராம். தலையில் கம்பெனிப் பெயர்கூட அழிந்துபோயிருந்தது. தயிர் நிறமாக இருந்ததை, மேடையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று, பஸ் பாடி கட்டும் பட்டறையில் கொடுத்துச் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்தார். வண்டிக்கு அடிக்கிற என்.சி. பெயின்ட், மெல்லிய பூச்சு. அவர் முன்கை படுகிற இடத்தில் அது தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பழைய தயிர் நிறம் வெளியே வந்துவிட்டது. பின்பக்கம் பெல்ட் பக்கிள் கீறிய கீறல்கள்.

1988இல் அவர் வீட்டில் பெரிய ஆஸ்பத்திரிச் செலவு. கிடாரை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு நான் போனேன். 4,500 ரூபாய் சொன்னார். எனக்குக் கிடார் வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், சாமர்த்தியமாக வாங்கினேன் என்று பெயர் எடுக்கும் ஆசை இன்னொரு பக்கம். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தத் தேய்ந்த திட்டில் விரலை வைத்து, "அண்ணாச்சி, பெயின்ட்டே போயிருச்சே, பார்க்க அடிபட்ட சாமான் மாதிரில்லா இருக்கு" என்றேன்.

"அது கை பட்ட இடம் தம்பி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

3,200க்கு முடித்தேன். அப்போது அது என் ஒன்றரை மாதச் சம்பளம், அதனால் நான் ஏதோ கொள்ளையடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆனால் முழுப் பணமும் என்னிடம் இருந்தது. சட்டைப் பையில் 4,500 வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து மீதி 1,300ஐ எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அதன்பின் ஒன்பது வருஷம் அதே கிடார்தான். கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் மரம் என்று திருநெல்வேலியைச் சுற்றி நான் போகாத ஊர் குறைவு. ராத்திரி பத்துக்கு ஆரம்பித்தால் இரண்டு மூன்று மணி ஆகும். காலையில் முதல் பீரியடில் நான் உங்களை எழுதிப்போட்ட கணக்குகளைச் செய்யச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நின்றது எதற்கு என்று இப்போது புரியும்.

கொடையில் வாசிப்பது தனிப் பாடு. மேடையைச் சுற்றி சீரியல் செட், ட்யூப் லைட், டிம்மர், பின்னால் ஜெனரேட்டர். ஒற்றைச் சுருள் பிக்கப் இந்த இரைச்சலையெல்லாம் வாங்கி "ம்ம்ம்" என்று உறுமும். அண்ணாச்சி தன் கிடாரின் இரண்டு வால்யூம் குமிழ்களிலும் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தார். இரண்டையும் முழுசாகத் திறந்தால் இரண்டு புள்ளியும் நேருக்கு நேர் வரும், உறுமல் அடங்கிவிடும். இரண்டு சுருளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை, காந்த முனைகளும் எதிரெதிர். ஒன்று வாங்கும் இரைச்சலை மற்றது கழித்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். இயற்பியல் படித்த எனக்கே இதைப் புரிந்துகொள்ள ஒரு மாசம் ஆனது. அவர் காதை வைத்தே கண்டுபிடித்திருந்தார். எர்த் சரியில்லாத ஊரில் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று அடிக்கும். முதலில் டெஸ்டரை வைத்துப் பார், மைக்கில் கர்சீப்பைச் சுற்று என்று சொன்னவரும் அவர்தான். புதுக் கம்பி வாங்கக் காசில்லாத மாசம் பழைய கம்பியைக் கழற்றித் தண்ணீரில் கொதிக்கவைத்துத் துடைத்துப் போடுவோம். அழுக்கு இறங்கி ஒரு வாரத்துக்குப் பளிச்சென்று பேசும். உங்கள் ஆச்சிக்கு அந்தப் பாத்திரத்தை ஏன் சமையலுக்குத் தொடக்கூடாது என்று இப்போதுதான் தெரியும்.

ஒரு விஷயத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். நான் குள்ளம். கிடாரை நெஞ்சோடு ஏற்றிக் கட்டுவேன். என் கை அண்ணாச்சியின் திட்டில் விழவே இல்லை. இரண்டு அங்குலம் தள்ளித்தான் விழுந்தது. அங்கே சிவப்பு லேசாக மங்க ஆரம்பித்தது, அவ்வளவுதான். ஒன்பது வருஷத்தில் அவர் திட்டு ஒரு நூலளவுகூடப் பெரிதாகவில்லை.

1991 என்று ஞாபகம். ஒரு கொடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவரைப் பார்த்தேன். மேடைக்கு இடப்பக்கம், பேஸ் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். யாரும் அங்கே நிற்க மாட்டார்கள், நெஞ்சு அதிரும். நான் தலையசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கிடாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் இறங்கிப் போய்த் தேடினேன், ஆளைக் காணவில்லை. பிறகு குடும்பத்தோடு திருப்பூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். 1997க்குள் கீபோர்டுக்காரரின் இடது கையே பேஸையும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. குழுவுக்கு ஒரு ஆள் கூலி மிச்சம். நானும் நின்றுவிட்டேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் கதை. பிள்ளை வந்தது. படத்தைக் காட்டினாள். 1995இலிருந்து ஃபெண்டர் கம்பெனியின் தனிப் பட்டறையில் இப்படிச் செய்கிறார்கள். புதுக் கிடாரைத் தேய்த்து, கீறி, ஆணியைத் துருப்பிடிக்க வைத்து விற்பார்கள், 'ரெலிக்' என்று பெயர். 2009இல் 'ரோட் வோர்ன்' என்று விலை குறைந்த வரிசையும் வந்தது. பழைய கிடார்களில் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, அது வியர்வைக்கும் உரசலுக்கும் தேயும். பிறகு வந்த பாலியெஸ்டர் பூச்சு கெட்டி. லேசில் தேயாது, அடிபட்டால் சில்லாகப் பெயரும். அதனால் கையால் தேய்க்க நேரமில்லாதவர்களுக்கு அவர்களே தேய்த்துக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் கோபம் ஒன்றுமில்லை. புதுச் சட்டையைச் சாயம் போக்கி விற்கவில்லையா? ஆனால் அந்தப் படத்தில் தேய்ந்த இடத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் ஏதோ செய்தது. அதே இடம். முன்கை படும் இடம். எதைக் காட்டி நான் 1,300 குறைத்தேனோ, அதற்காகவே இப்போது விலையைக் கூட்டுகிறார்கள்.

பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். பெயின்ட்டுக்குக் காசு கொடுக்காதே. நெக்குக்குக் கொடு. கிடாரை உடம்புப் பக்கத்திலிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஆசாரி பலகை பார்ப்பதுபோல் நெக் முறுக்கியிருக்கிறதா பார். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்து. ஏழாவது ஃப்ரெட் பக்கம் மெல்லிய அட்டை நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். ரொம்ப இருந்தால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்று கேள், திரும்பாத கிடாரைத் தொடாதே. ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக வாசி, மெல்லிய கம்பியில் ஐந்திலிருந்து ஏழு வரை கூடுதல் கவனம், சில கிடாரில் அங்கே ஓசை சீக்கிரம் செத்துவிடும். ஆம்பில் சொருகிக் குமிழைத் திருப்பு, ஜாக்கை ஆட்டு, கரகர என்றால் சின்ன ரிப்பேர்தான், அதைச் சொல்லி விலை பேசலாம். வாரை மாட்டிக் கையை விட்டுப் பார், தலை கீழே சாய்ந்தால் ராத்திரி முழுக்க இடது கை அதைத் தாங்கியே ஓய்ந்துபோகும். சர்ச்சிலும் லைட் இரைச்சல் இருக்கும், அதனால் பிரிசிஷன் மாதிரி, இரண்டாகப் பிரித்த பிக்கப் உள்ளதாக வாங்கு. 1957இலேயே அந்த உறுமலுக்கு வழி கண்டுவிட்டார்கள்.

பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் சுமார் 30 பவுண்டுதான், ஃபெண்டர் வாங்க வசதியில்லாமல் வாங்கியது. அதில்தான் பீட்டில்ஸின் ஆரம்பப் பாட்டுகள் எல்லாம். அது 1972இல் திருடு போய், திரும்பக் கிடைத்துவிட்டதாக 2024இல் வெளிவந்த செய்தியையும் சொன்னேன். பிள்ளை சட்டென்று, "அம்பது வருஷத்துக்கு மேல கழிச்சா தாத்தா?" என்றாள். ஆமாம் என்றேன்.

என் கிடாரை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் கை என் இடத்திலும் விழவில்லை, அண்ணாச்சி இடத்திலும் விழவில்லை. "இந்த மாதிரிதான் தாத்தா எனக்கு வேணும்" என்று அந்தத் திட்டைத் தடவினாள். கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய் 17,000க்குள் சாதாரணக் கறுப்பு நிறத்தில் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். நெக் நேராக இருக்கிறது, நான் வீடியோ காலில் பார்த்தேன்.

இப்போது அந்த உதவி. பேஸ் அண்ணாச்சியோ அவர் பிள்ளைகளோ எங்கே இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். எண்பதுகளில் பாளையங்கோட்டை, முருகன்குறிச்சி பக்கம் மெல்லிசைக் குழுக்களோடு பழக்கம் இருந்தவர்கள், அல்லது உங்கள் அப்பா, மாமா யாரேனும் வாசித்திருந்தால், அவர்களிடம் கேளுங்கள். ஆறடி உயரம், சிவப்பு பேஸ் கிடார் என்றால் தெரிந்துவிடும். மூத்தவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்ததாகக் கேள்வி. இங்கே கமென்ட்டில் பெயர் போட வேண்டாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள், அல்லது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் எனக்கு போன் கேட்காது.

கிடார் அவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். புதுக் கம்பி மாட்டி, குமிழ்களைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். பெயின்ட்டில் கை வைக்கவில்லை.