பட்டியில் புகுந்தது குள்ளநரியா?

"ஒரே ராத்திரியில் ஏழு செம்மறிகளை நரி கடித்துப் போட்டுவிட்டது. கோழிக்குடலில் மருந்து தடவி வைக்கலாமா?" என்று மூலனூர் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழு ஆடு போன வீட்டின் நிலைமை எனக்குத் தெரியும். ஆனாலும் மருந்து வைக்க வேண்டாம். கடித்தது எது என்று முதலில் பார்ப்போம்.

நம் கொறங்காட்டில் இருப்பது குள்ளநரி. புத்தகப் படங்களில் வரும் செந்நரி இமயமலைப் பக்கமும் ராஜஸ்தான் பக்கமும் வாழ்வது. அதற்கு வால்நுனி வெள்ளை. நம்முடையதற்கு வால்நுனி கறுப்பு. எடை 2 முதல் 3 கிலோ, ஒரு நாட்டுச்சேவல் கனம்தான். 25 கிலோ செம்மறியை அதனால் சாய்க்க முடியாது.

வேலியோரம் கிடக்கும் அதன் எச்சத்தைக் குச்சியால் பிரித்துப் பல தடவை பார்த்திருக்கிறேன். வண்டின் ஓடு, வெட்டுக்கிளிக் கால், எலி மயிர், இலந்தைக் கொட்டை, இவைதான் இருக்கும். கரையான் ஈசல் விடும் நாளில் அதற்கு விருந்து. வெளியே திரியும் கோழிக்குஞ்சு கிடைத்தால் விடாது. அதற்குக் கூண்டை அந்தியிலேயே அடைத்தால் போதும். சோளக்காட்டிலும் கடலைக்காட்டிலும் எலி பிடிக்கிற கூலியில்லாத ஆள் அது.

அப்படியானால் ஆட்டைக் கடித்தது எது? காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரங்களில் அண்மை ஆண்டுகளில் பட்டிகளை அழித்தவை பெரும்பாலும் கூட்டமாகத் திரியும் தெருநாய்களே. தொடை, விலா, காது என்று கண்ட இடத்தில் கடித்துக் குதறி, அதிகம் தின்னாமல் பல ஆடுகளைப் போட்டுவிட்டுப் போனால் நாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். செத்த ஆட்டை உடனே புதைக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனை அறிக்கை வாங்குங்கள். இழப்பீடு கேட்க அதுதான் ஆதாரம். கடிபட்டுப் பிழைத்த ஆட்டின் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்கு அன்றே கொண்டுபோங்கள். கையுறை இல்லாமல் காயத்தைத் தொடாதீர்கள். பட்டிக்கு ஆளுயரக் கம்பிவலையும் இரவில் ஒரு விளக்கும் வேண்டும்.

மருந்து வைத்த குடலை உங்கள் காவல்நாயும் தின்னும், கீரியும் காக்கையும் தின்னும். குள்ளநரியைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியுமாக இருந்த கொறங்காடுகள் மனையாகவும் காற்றாலை இடமாகவும் மாறி வருகின்றன. குள்ளநரிக்கு வளை தோண்ட இடம் குறைகிறது. மாசி, பங்குனியில் வளைக்குள் குட்டிகள் இருக்கும். உங்கள் காட்டில் பல வாய் உள்ள வளையைக் கண்டால், உழவு ஓட்டும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். அரை சென்ட் நிலம்கூடப் போகாது.