ஸப்ர்

ஐம்பத்தாறாவது வயதில் நான் தோட்டக்காரனானேன். தோட்டம் என்று சொன்னால் கண்டவர்கள் நகைப்பார்கள். திருப்பூரில் இரண்டு பனியன் கம்பெனிகளுக்கு நடுவே நெருக்குண்டு நிற்கும் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு சிறு பாத்தி. சுவரோரம் ஒன்பது தொட்டிகள். அவ்வளவே. பேத்திக்கு ஓயாத சளி. கடையில் வாங்கும் தூதுவளையை வீட்டிலேயே வளர்த்தாலென்ன என்று மனைவி கேட்டதில் பிறந்தது அந்த எண்ணம். தூதுவளை, துளசி, கற்பூரவல்லி, ஆடாதோடை, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றைத் தேடிக் கொணர்ந்து நட்டேன். சுவர் மூலையில் அம்மா காலத்துக் கற்றாழை ஒன்று முன்பே இருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

திருநீற்றுப்பச்சிலையின் மீது எனக்குத் தனி ஆசை. திருக்குர்ஆனின் அர்ரஹ்மான், அல்வாகிஆ அத்தியாயங்களில் வரும் 'ரைஹான்' என்னும் சொல்லுக்கு நறுமணச் செடி என்று பல்லாண்டுகள் பாடம் நடத்தியவன் நான். அரபு நாடுகளில் இன்று அப்பெயரால் வழங்குவது இச்செடிதான். நம் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா இதன் விதையே. அதுவரை சொல்லாகவே அறிந்திருந்த ஒன்றை முதன்முறையாக விரலால் கசக்கி முகர்ந்தேன்.

இருபது நாள்தான். இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. முதலில் ரைஹான் போயிற்று, பிறகு துளசி. எதிர்வீட்டு அம்மையார் எட்டிப் பார்த்து, "அசரத்து, செடிக்குக் கண்ணு பட்டுப் போச்சுங்க. வாசல்ல ஒரு கத்தாழையத் தலைகீழாக் கட்டி வுடுங்க" என்றார்.

அவர் பேச்சில் வியப்பில்லை. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்திய நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து இறவாணத்தில் காப்புக் கட்டுவார்கள். மூலிகைகளுக்குச் சாபம் உண்டு, அதை நீக்கிய பின்னரே பறிக்க வேண்டும் என்பது பழைய நாட்டு வைத்தியர்களின் நம்பிக்கை. ஆனால் 'கற்றாழை' என்ற சொல் மட்டும் என் நெஞ்சில் தைத்தது.

35 ஆண்டுகளுக்கு முன், வேலூரில் ஓதி முடித்து மௌலவியாக ஊர் திரும்பிய முதல் நாள். எங்கள் வீட்டு வாசல் நிலையில், வேர் மேலாக ஒரு கற்றாழை தொங்கிக் கொண்டிருந்தது. உறவினர்கள் கூடியிருந்த வேளை. தீங்கைத் தடுப்பவன் அல்லாஹ் ஒருவனே என்று முழங்கியவாறு கத்தியை எடுத்து அதை அறுத்தெறிந்தேன். அம்மா வாதாடவில்லை. "செடி என்ன பாவம்டா பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டார். கீழே கிடந்ததை எடுத்துக் கொண்டு பின்புறம் போனார். மூலையில் நின்ற கற்றாழை அதன் வழித்தோன்றல்தான். அம்மா மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளாகியும் அது குட்டி போட்டுக் கொண்டே இருந்தது.

பின்னாளில் ஒரு செய்தியைப் படித்து நாணினேன். எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர் 1836இல் வெளியிட்ட எகிப்தியர் வாழ்வு பற்றிய நூலில், கெய்ரோ மக்கள் புதுவீட்டு வாசலில் கற்றாழையைத் தொங்கவிடும் வழக்கத்தைக் குறித்திருக்கிறார். மண்ணும் நீருமின்றி அது பல ஆண்டு வாழும், பூக்கவும் செய்யும் என்கிறார். அரபியில் கற்றாழை 'ஸபிர்'; பொறுமை 'ஸப்ர்'. இரண்டுக்கும் ஸாத், பா, ரா என்னும் அதே மூன்றெழுத்துகள். பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் மட்டும் திறந்து, உள்ளிருக்கும் நீரைக் காத்துக் கொள்வதே அச்செடியின் சூட்சுமம். அதில் மந்திரமில்லை. ஆயினும் ஸப்ரைப் பற்றி மேடைதோறும் பேசிய நான், அதன் பெயரைத் தாங்கிய செடியைப் பொறுமையின்றி அறுத்தவன். என் கொள்கையில் பிழையில்லை. கைதான் பிழை செய்தது.

இம்முறை அம்மையாரைக் கடிந்து கொள்ளவில்லை. மாலகாவில் பிறந்து 1248இல் திமஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் நினைவுக்கு வந்தார். ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களையும் உணவுகளையும் அகரவரிசையில் தொகுத்த அவர், ஊர் ஊராகச் சென்று செடிகளைத் தாமே பார்த்தவர். கேட்டதோடு நில்லாமல் நாமும் பார்ப்போமே என்று தொட்டிகளின் அருகே குனிந்தேன். விளிம்பெங்கும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சாயப்பட்டறை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் கருவி கொண்டு வந்து ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் சோதித்தார். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது குடிநீருக்கு நலம்; எங்கள் நீர் அதைப் பன்மடங்கு தாண்டியிருந்தது. கற்றாழை மட்டும் அந்த உவர்ப்பையும் தாங்கி நின்றது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யலில் நாம் பல்லாண்டுகள் சாயக் கழிவைக் கலந்தோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையில் அவை பின்னர் இயங்கலாயின. ஆனால் நிலத்துக்குள் இறங்கிய உப்பு ஆணைக்குக் கட்டுப்பட்டு உடனே வெளியேறி விடுமா? மத்ரஸாவில் நான் பெற்ற சம்பளமும் அந்தச் சாய வருமானத்தின் நன்கொடையில் வந்ததே. மூலிகைக்குச் சாபம் உண்டென்று நம்பியவரை இகழ்ந்தேன். நீரில் அதைக் கலந்த ஊரின் சோற்றை வாய்மூடி உண்டேன்.

ஐப்பசி மழையில் கூரை நீரை இரண்டு பீப்பாய்களில் பிடித்தேன். தொட்டி மண்ணில் மணல் கலந்து, மழைநீரால் நன்கு அலசி, மறுபடி விதைத்தேன். பேத்திதான் முதலில் கண்டாள்: ரைஹான் இரண்டிலை விட்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

செய்தி கேட்டு வந்த எதிர்வீட்டு அம்மையார், வாசலில் கட்ட ஒரு கற்றாழைக் குட்டி கேட்டார். அம்மாவின் செடியிலிருந்து வேர் அறாமல் இரண்டைப் பெயர்த்துக் கொடுத்தேன்.

"ஒண்ணு போதுமுங்களே, அசரத்து?"

"இன்னொன்றை மண்ணில் வையுங்கள், தாயே" என்றேன்.