இறுகிய முளை

சிலாங்கூரின் ஜாலான் கெபுனில் பூச்செடி நர்சரிகளின் வரிசையைத் தாண்டினால் தகரக் கூரை மட்டும் போட்ட ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது. சுவர் கிடையாது. எண்ணெய் ஊறிக் கறுத்த சிமெண்டுத் தரையில் ஒரு மாஸி பெர்குசன் 135 நிற்கிறது. பானெட்டின் சிவப்பு வெயிலில் வெளுத்துவிட்டது. மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. கோளாறு பின்னால்தான். டிரைலரை இழுக்கும் இரும்புத் தண்டின் முன்முனை, ஆக்ஸிலுக்கு அடியில், கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு முளையில் மாட்டியிருக்கிறது. வண்டி வளையும்போது தண்டு இடமும் வலமும் அசைய வேண்டும். இது அசைய மறுக்கிறது. முளையும் அதைச் சுற்றியுள்ள கண்ணும் ஒரே இரும்பாக இறுகிக் கிடக்கின்றன.

வண்டியின் சொந்தக்காரர் ஒரு நர்சரி தவுக்கே. தண்ணீர்த் தொட்டி இழுக்க வாங்கியிருக்கிறார். "போலே கா, போர்மென்?" என்று கேட்கிறார்.

"போலே. தாப்பி பெலான்-பெலான்லா."

தவுக்கே தலையாட்டிவிட்டு லோரியில் ஏறிப் போகிறார்.

போர்மெனுக்கு எழுபது தாண்டியிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. டிராக்டருக்குப் பின்னால் குந்தியவர் நெடுநேரம் எதையும் தொடவில்லை. பார்க்கிறார், அவ்வளவுதான். கூட வேலை செய்யும் பையன் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துச் சான்றிதழோடு வந்தவன். பரபரப்பானவன். நான்கடி இரும்புப் பைப்பை எடுத்து ஸ்பானரின் வாலில் சொருகுகிறான்.

"அங்கிள், ஒரு இழு இழுத்தா வந்துரும்."

"வரும்யா. தல மட்டும் தனியா கையில வரும். மிச்சம் உள்ளயே இருக்கும். அப்புறம் ஓட்டைய எப்படித் தொறப்ப?"

பையன் பைப்பைக் கீழே வைக்கிறான்.

முதலில் கம்பி பிரஷ். முளையின் தலை, நட்டு, மரை எல்லாம் தேய்த்துத் தேய்த்துத் துலக்குகிறார். செங்கல் பொடி மாதிரி துரு உதிர்கிறது. அதை ஒரு சிட்டிகை எடுத்து, விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "இது மழையில மட்டும் வந்த துரு இல்லடா. உரம் ஏத்தின வண்டி. பொட்டாஷ் தின்னுருக்கு."

அவர் சொல்வது சரி. செம்பனைக்குப் போடும் முக்கியமான உரங்களில் ஒன்று பொட்டாசியம் குளோரைடு. கிழிந்த சாக்கிலிருந்து சிந்தும் தூள் இந்த ஊர் ஈரக்காற்றில் தானே கசிந்து உப்புத் தண்ணீராகி, வண்டியின் இடுக்குகளில் இறங்கிவிடும். அந்தக் குளோரைடு இரும்பை விடாது. துருவுக்கு இன்னொரு குணமும் உண்டு. தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அது அடைத்துக்கொள்ளும். முளைக்கும் கண்ணுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதில் துரு ஊதிப் பருத்து, ஆப்பு அடித்தாற்போல் இரண்டையும் பிடித்துக்கொள்ளும். வெறும் பலத்தால் திருகும்போது ஜெயிப்பது பெரும்பாலும் துருதான். உடைவது போல்ட்.

எனவே எண்ணெய். கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்த பாட்டிலைக் குலுக்கி, இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறார். நீர்த்த எண்ணெய் மெல்லிய சந்துகளில் தானாகவே ஏறிச் செல்லும்; கெட்டியானது வெளியிலேயே நின்றுவிடும். விட்டபின் சின்னச் சுத்தியலால் முளையின் தலையில் டொக் டொக்கென்று தட்டுகிறார். ஓங்கி அடிப்பதில்லை. அந்த அதிர்வில் துருவுக்குள் விரிசல் விழும், விரிசலில் எண்ணெய் இறங்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணெய், மறுபடி தட்டல். நடுவில் தே தாரே வருகிறது, குடிக்கிறார். பையனுக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு அவசரமில்லை.

நட்டைப் பூட்டியிருந்த ஸ்பிளிட் பின் பொடிப்பொடியாகப் போயிருந்தது. மெல்லிய டிரில்லால் அதன் மிச்சத்தை எடுத்தார். நட்டுக்கு ஆறு முனை சாக்கெட். பன்னிரண்டு முனை சாக்கெட்டைப் பையன் நீட்டியபோது வேண்டாம் என்று கையாலேயே தள்ளினார். அது நட்டின் மூலைகளை வழித்துவிடும். அடுத்து அவர் செய்ததைப் பார்த்துப் பையனின் புருவம் உயர்ந்தது. கழற்ற வேண்டிய நட்டை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி திருப்பினார். கிரீச்சென்று ஒரு சத்தம். பிறகு கழற்றும் பக்கம். மறுபடி இறுக்கம், மறுபடி தளர்வு. மரைக்குள் இருந்த துரு மாவாகி வெளியே வந்தது. நட்டு மெல்லச் சுழன்று இறங்கியது. ஆனால் அவர் அதை முழுக்கக் கழற்றவில்லை. முளையின் நுனியோடு சமமாக நிறுத்தினார். இனி அடிக்கப்போகும் அடி மரையை நசுக்காமலிருக்க அதுதான் காவல்.

முளை இன்னும் அசையவில்லை.

கேஸ் சிலிண்டரை உருட்டி வரச் சொல்கிறார். சொட்டிய எண்ணெயை எல்லாம் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூரப் போடுகிறார். ஒரு வாளி மணல், நனைத்த கோணிச் சாக்கு. ஆக்ஸிலின் ஆயில் சீல் இருக்கும் பக்கத்தை ஈரச் சாக்கால் மூடுகிறார். நெருப்பைக் கண்ணின் மேல் காட்டுகிறார், முளையின் மேல் படாமல். பையனிடம் கேட்கிறார்: "ஏன்னு சொல்லு?"

"கண்ணு விரியணும். பின்னு விரியக் கூடாது."

"ஆங். படிச்சிருக்க."

20 மில்லிமீட்டர் ஓட்டை 300 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சுமார் ஏழு பங்குதான் விரியும். தலைமுடியின் கனம். அது போதும். கண் சிவக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை; நீலம் பாயத் தொடங்கியதுமே நெருப்பை எடுத்துவிட்டு, சாமிமேடையில் வைக்கும் வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை இடுக்கில் தேய்த்தார். மெழுகு உருகிப் புகைந்து உள்ளே இழுபட்டுப் போவது கண்ணுக்கே தெரிந்தது. பைப் ரெஞ்சால் முளையின் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி சூடு, மறுபடி மெழுகு. இந்த முறை ரெஞ்சின் கைப்பிடி ஒரு விரற்கடை நகர்ந்தது. அவர் முகத்தில் பெரிய மாற்றமில்லை. பையன்தான் கத்திவிட்டான்.

பித்தளைத் துண்டை நுனியில் வைத்து நாலைந்து தட்டு. பிறகு நட்டைக் கழற்றிவிட்டு, இன்னும் இரண்டு. முளை தரையில் விழுந்தது.

இந்த வேலையை அவர் பள்ளியில் கற்றதில்லை. பையனோடு பேசியதில் என் காதில் விழுந்தது இவ்வளவு: பன்னிரண்டு வயதில் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டர் கழுவப் போனவர். ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, பிறகு ஸ்பானர் பிடித்து, கடைசியில் தோட்டத்து வண்டிகள் எல்லாவற்றையும் அவர்தான் பார்த்திருக்கிறார். தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தது. ஒரு தொழிற்சாலையில் வேலை கேட்டுப் போனாராம். "சர்ட்டிபிகேட் எங்கன்னு கேட்டான். கையக் காட்டினேன். சிரிச்சான்."

கேட்டு மனம் பொறுக்கவில்லை. இந்த வட்டாரமே தோட்டமாக இருந்ததுதான். சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல் எழுந்த ஷா ஆலம் 1978இல் சிலாங்கூரின் தலைநகராகி, 2000இல் மாநகரமாயிற்று. மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயரைச் செக்‌ஷன் 7இல் ஒரு தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. மாநிலத்தின் வடக்கே தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் வணிகச் செம்பனை தொடங்கிய நாளிலிருந்து, குலை சுமந்தவர்களைப் பற்றியும் பால் வெட்டியவர்களைப் பற்றியும் நம்மவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் இரும்பின் குணத்தைக் கரைத்துக் குடித்தவர்களைப் பற்றி எழுதியது குறைவு. தோட்டம் போனபோது அவர்கள் கையில் வீடும் இல்லை, காகிதமும் இல்லை. தொழில் மட்டும் இருந்தது.

விழுந்த முளையைப் போர்மென் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் தேய்ந்து வயிறு ஒட்டியிருந்தது. புதிதாகக் கடைசல் பிடிக்க அளவெடுக்கும்படி பையனிடம் கொடுத்து, கிரீஸ் போக ஒரு துளையும் போடச் சொன்னார். பையன் வெர்னியரால் அளந்து, தேய்ந்த பக்கம், தேயாத பக்கம் என்று இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொண்டான்.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் ஒன்று செய்யுங்கள். அனுபவத்தை வைத்தே மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை நடத்தும் அந்த முறைக்குப் பி.பி.தி. என்று பெயர். வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்தால் மதிப்பீட்டாளர் பார்ப்பார். எழுபது வயதுக்காரருக்கு இனி எதற்கு என்று கேட்காதீர்கள். அவருக்குக் கீழே நாற்பதிலும் ஐம்பதிலும் அதே கையோடு, அதே காகிதமில்லாமல், எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொழிலாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.